பகலில் ஓடும் ஸ்கிரிப்ட் இரவில் ஏன் பிரதியெடுப்பதில்லை?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் மீனவர் சங்கத்தின் அன்றாடக் கணக்குக் கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பிரதியெடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) எழுதினேன். கோப்பின் பெயர் '.சிஎஸ்வி' என்று முடிகிறதா என்பதை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் சோதிக்கிறேன்; முதல் வரியில் ஷெல்லின் பெயர் எதையும் எழுதவில்லை. உபுண்டு டெர்மினலில் நானே ஓட்டினால் சரியாக நடக்கிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரொன் மூலம் இரவில் ஓடவிட்டால் ஒரு கோப்புகூடப் பிரதியாவதில்லை. காரணம் என்ன?
– வாசகர், திருகோணமலை

பதில்: உங்கள் ஸ்கிரிப்டைப் பகலில் ஒரு ஷெல்லும் (கட்டளைகளை வாசித்து நிறைவேற்றும் நிரல்) இரவில் வேறொரு ஷெல்லும் வாசிக்கின்றன. எந்த ஷெல்லுக்கு உரியது என்று முதல் வரியில் குறிப்பிடாத ஸ்கிரிப்டை, அதை அழைக்கும் ஷெல்லே தன் இலக்கணப்படி வாசித்துவிடும். டெர்மினலில் அழைப்பது பாஷ் என்ற ஷெல். க்ரொன் அழைப்பதோ 'எஸ்எச்' என்ற பெயரிலுள்ள ஷெல்லை. உபுண்டுவில் அது 2006இல் வெளிவந்த 6.10 பதிப்பு முதல் டாஷ் ஆகும். கணினி விரைவாகத் தொடங்க வேண்டும் என்பதற்காக அந்தச் சிறிய ஷெல்லுக்கு மாறினார்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் இயங்குதளமும் 2011இல் வெளியான 6.0 பதிப்பில் அவ்வாறே மாறியது.

இரட்டைச் சதுர அடைப்புக்குறி கோர்ன் ஷெல்லிலிருந்து பாஷுக்கு வந்த வசதி. ஷெல்களுக்கான பொது விதிமுறையான பொசிக்ஸ் நியமம் அதற்குப் பொருள் வரையறுக்கவில்லை. டாஷ் அதை ஒரு கட்டளையின் பெயராகவே எடுத்துக்கொண்டு, அப்படியொரு கட்டளை இல்லை என்பதால் 127 என்ற முடிவுநிலையை (கட்டளை வென்றதா தோற்றதா என்று சொல்லும் எண்) தர, நிபந்தனையைச் சோதிக்கும் 'இஃப்' அதைப் பொய் என்று கொண்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. ஸ்கிரிப்ட் நடுவில் நிற்காமல் இறுதிவரை ஓடி முடிவதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. பிழைச் செய்தியைக் க்ரொன் உள்ளக மின்னஞ்சலாக அனுப்பும். அந்த வசதி நிறுவப்படாத கணினியில் அதை எவரும் காணமாட்டார். ஓட்டாமலே இலக்கணத்தைச் சோதிக்கும், ஷெல்லின் '-என்' தெரிவும் இதைக் கண்டுபிடிக்காது.

முதல் வரியில் பாஷின் முழுப் பாதையை '#!' குறியுடன் எழுதினால் இன்றே தீர்வு கிடைக்கும். ஆயினும் சங்கத்தின் கணினி நாளை மாறக்கூடும், உங்களுக்குப் பின் வேறொருவர் அதைப் பராமரிக்கக்கூடும் என்பதால், நியமத்துக்கு உட்பட்டே எழுதுமாறு நான் வற்புறுத்துவேன். பெயரின் முடிவைச் சோதிக்க, ஒரு சொல்லை வடிவங்களோடு பொருத்திப் பார்க்கும் 'கேஸ்' கூற்று போதும். அது 1979இன் போர்ன் ஷெல்லிலிருந்தே இருந்து வருகிறது. சரங்களை ஒப்பிட ஒற்றை அடைப்புக்குறிக்குள் ஒற்றைச் சமக்குறியையே இடுங்கள், ஏனெனில் இரட்டைச் சமக்குறியை டாஷ் ஏற்காது. மாறிகளை மேற்கோள்குறிக்குள் வையுங்கள். இடைவெளியுள்ள கோப்புப் பெயர் அப்போதுதான் இரண்டாக உடையாது.

'எஸ்எச்' என்ற பெயரில் பாஷே இருக்கும் கணினியில் சோதித்துவிட்டு நியமப்படி எழுதியதாக எண்ண வேண்டாம். அப்பெயரில் அழைத்தாலும் பாஷ் தன் கூடுதல் வசதிகளை ஏற்றுக்கொள்ளும். முதல் வரியை எழுதிய பின் ஷெல்செக் என்ற கருவியிடம் கொடுத்தால், அந்த வரியில் உள்ள ஷெல்லுக்குப் பொருந்தாதவற்றை அது சுட்டிக்காட்டும். அதற்கு முன், டெர்மினலில் ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் 'டாஷ்' என்று சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரவில் வந்த பிழைச் செய்தி அப்போது உங்கள் திரையிலேயே தெரியும்.