கொண்டோலாவுக்குத் தலைக்கு எவ்வளவு? வெனிஸ் போகிறவர்களின் கேள்விகள்

விடுமுறைப் பயணம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெனிஸைப் பற்றியே இருக்கின்றன. அதனால் இந்த முறை அந்த ஊர் மட்டும். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (சேலம்): நாங்கள் 4 பேர். கொண்டோலா படகுச் சவாரிக்கு ஆளுக்கு 65 யூரோ என்று டூர் ஏஜெண்ட் இங்கேயே வாங்கிக்கொண்டார். அங்கே துறையில் வேறு விலை எழுதிய பலகை இருந்தது. ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். கொண்டோலா கட்டணத்தை அந்த ஊர் நகராட்சி நிர்ணயிக்கிறது. அது ஆள் கணக்கு இல்லை, படகுக் கணக்கு. 2023 நவம்பரிலிருந்து பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. ஒரு படகில் 5 பேர் வரை ஏறலாம். நீங்கள் நால்வரும் ஒரே படகில் போய் 260 யூரோ கொடுத்திருக்கிறீர்கள். எந்த நேரச் சவாரிக்கு, எத்தனை நிமிடத்துக்கு, படகுக்கு எவ்வளவு கட்டினார், ரசீது எங்கே என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள், போனில் பேசாதீர்கள். சரியான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணமே கிடையாது. தொகை சின்னதுதானே என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த குடும்பத்திடமும் அவர் இதையேதான் வாங்குவார்.

கொண்டோலாவில் ஒரு தடவை கால் வைத்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க திரகெட்டோ என்ற அக்கரைப் படகு உண்டு. அதுவும் கொண்டோலாதான், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் துடுப்புப் போடுவார்கள், 2 யூரோ. ரியால்டோ மீன் சந்தைக்கு எதிர்க்கரையில் சாந்தா சோபியா துறையில் கிடைக்கும்.

கேள்வி (கோவை): ஊருக்குள் நுழையவே கட்டணமாமே? ஒரு இணையதளம் ஆளுக்கு 19 யூரோ கேட்கிறது. நாங்கள் இரண்டு இரவு தங்கப்போகிறோம்.

பதில்: அந்தத் தளத்துக்குப் பணம் கட்டாதீர்கள். நுழைவுக் கட்டணம் 2024 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது, காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறவர்களுக்காக. எல்லா நாளும் கிடையாது. 2025ல் 54 நாட்கள்தான், அந்த நாட்களிலும் காலை 8.30 முதல் மாலை 4 வரைதான். முன்கூட்டியே பதிந்தால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. 14 வயதுக்குக் கீழே இருந்தால் இல்லை. விடுதியில் தங்குகிறவர்களும், நிலப்பக்கத்து மெஸ்த்ரே பகுதியில் தங்கினாலும் சரி, கட்ட வேண்டாம். ஆனால் விலக்குக்கான க்யூஆர் குறியீட்டை நகராட்சியின் சொந்தத் தளத்தில் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள், அது இலவசம். உங்கள் தேதி கட்டண நாளா என்பதையும் அங்கேயே பாருங்கள். விடுதி பில்லில் ஆளுக்கு, இரவுக்கு என்று ஒரு தங்கல் வரி வரும். அது வேறு, அதைக் கட்டத்தான் வேண்டும்.

கேள்வி (பெங்களூரு): 9.50 யூரோவுக்கு வப்போரெட்டோ என்ற பொதுப் படகுக்கு டிக்கெட் வாங்கி மதியம் வரை நாலு படகு ஏறினோம். நாலாவதில் அபராதம் போட்டுவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். அந்த டிக்கெட் 75 நிமிடத்துக்கு. நாள் முழுக்கச் சுற்ற 25 யூரோ டிக்கெட் இருக்கிறது.

கேள்வி (மதுரை): ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் என் மனைவி 'முரானோ கண்ணாடி' மாலை 35 யூரோவுக்கு ஆசையாக வாங்கினாள். ஊருக்கு வந்த பிறகு அதே மாலையை, அதே நிறத்தில், ஒரு சீன விற்பனைத் தளத்தில் 200 ரூபாய்க்குப் பார்த்தோம். அவள் அதை இப்போது போடுவதே இல்லை.

பதில்: உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், தப்பு அவருடையது இல்லை. இந்தக் கண்ணாடி விஷயம் எனக்குப் பல வருடக் கோபம், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1291ல், உலைகளால் ஊர் தீப்பிடிக்கும் என்று பயந்து வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு அனுப்பியது. 700 வருடத்துக்கு மேலாக அங்கே ஊதுகிறார்கள். அந்தப் பெயரை வைத்து எங்கிருந்தோ வந்த சரக்கை நடு ஊரில் விற்கிறார்கள். இதைத் தடுக்கத்தான் வெனிஸ் இருக்கிற வெனெத்தோ மாநிலம் 1994ல் ஒரு சட்டம் போட்டு 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' (முரானோ கலைக் கண்ணாடி) என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை இருந்தால் பொருள் தீவில் செய்தது. முத்திரை எடுக்காத நேர்மையான பட்டறைகளும் உண்டு, ஆனால் அவர்கள் யார் செய்தது என்று பில்லில் எழுதித் தருவார்கள். 'முரானோ பாணி' என்றோ வெறுமனே 'வெனிஸ் கண்ணாடி' என்றோ எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். தங்கிய இடத்தில், முரானோவுக்கு இலவசப் படகு என்றார்கள். போனோம். உலைக்கு முன்னால் ஒரு பெரியவர் கம்பி நுனியில் தேன் மாதிரி தொங்கிய கண்ணாடியை இடுக்கியால் இழுத்தார். கழுத்து வந்தது, பிடரி வந்தது, நாலு கால் வந்தது, ஒரு நிமிடத்துக்குள் குதிரை நின்றது. அது நிஜமான வேலை, அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அப்புறம் மாடிக்கு அழைத்துப்போனார்கள். ஒரு விற்பனையாள் தோளோடு தோளாக வந்தார். 420 யூரோ என்ற நீலக் குடுவை, நான் கதவைப் பார்த்து நடக்க நடக்க 160 ஆனது. வாங்கினேன். வீட்டில் கழுவியபோது அடியில் இருந்த தங்கநிறச் சீட்டு உரிந்து வந்தது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய கோடு தொடங்கி விளிம்பு வரை நேராக ஏறியது. இரண்டு பாதி அச்சில் செய்த பொருளில்தான் அந்தக் கோடு வரும், அச்சில்லாமல் ஊதியதில் வராது. கீழே அவர் செய்துகாட்டியது ஒன்று, மேலே எனக்கு விற்றது வேறு.

ஆகவே இலவசப் படகு வேண்டாம். ஃபொண்டமெந்தே நோவே துறையிலிருந்து 4.1 அல்லது 4.2 வப்போரெட்டோ பிடித்தால் பத்து நிமிடத்தில் தீவு. பொருளைக் கையில் எடுத்து அடியைப் பாருங்கள், பக்கவாட்டில் கோட்டைத் தேடுங்கள், பாதி விலைக்கு இறங்கி வருகிற கடையை விட்டு வெளியே வாருங்கள். ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிற நாம் வரியைத் திரும்பப் பெறலாம். அதற்கான படிவத்தைப் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே கேட்டு வாங்க வேண்டும். படிவம் என்றதும் இழுத்தடிக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி (சென்னை): மெனுவில் மீன் 9 யூரோ. பில்லில் 72. கேட்டால் மெனுவைக் காட்டுகிறார்கள்.

பதில்: விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்று இருந்திருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். முழு மீன் 800 கிராம் இருந்தால் 72 வந்துவிடும். சட்டப்படி சரி, ஆனால் வெளியூர்க்காரரிடம் எடை சொல்லாமல் சமைத்து வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018ல் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு 1,143 யூரோ பில் வந்து, ஊரே வெட்கப்பட்டது. மீனை எடை போட்டு, மொத்த விலையை எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு அடுப்பில் ஏற்றட்டும். 'கொபெர்தோ' என்று ஆளுக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ப்பது மட்டும் ஏமாற்று இல்லை, அது உட்காரும் கட்டணம், மெனுவிலேயே இருக்கும்.

கேள்வி (திருச்சி): பாலத்தில் விற்கிற பிராண்ட் கைப்பை 30 யூரோவுக்குப் பேரம் படிகிறது. அடுத்த மாதம் போகும் நண்பர்களிடம் சொல்லி இரண்டு வாங்கலாமா?

பதில்: கூடாது. போலி வாங்குகிறவருக்கும் இத்தாலியில் அபராதம் உண்டு, 7,000 யூரோ வரை. நண்பர்களை மாட்டிவிடாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. 'நிலையத்திலிருந்து 15 நிமிட நடை' என்ற விடுதி மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: வழியில் எத்தனை பாலம்? அந்த ஊரில் 400க்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டுதான். கார் ஊர் முனையில் இருக்கிற பியாத்சாலே ரோமா சதுக்கத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஆட்டோ, டாக்ஸி எதுவும் கிடையாது. 15 நிமிட நடையில் நாலு பாலம் இருந்தால் இரண்டு சூட்கேஸோடு அப்பாவுக்கு அது முக்கால் மணி நேரம். வப்போரெட்டோ துறையிலிருந்து பாலம் ஏறாமல் போகக்கூடிய விடுதியைத் தேடுங்கள், லிப்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பழைய கட்டிடங்களில் பல இடத்தில் இருக்காது. கிடைக்காவிட்டால் மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தங்குங்கள், ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஊருக்குள் வந்ததும் 1ஆம் எண் வப்போரெட்டோவில் அப்பாவை உட்கார வைத்துவிடுங்கள். பெரிய கால்வாய் முழுக்க, ஒவ்வொரு துறையாக நின்று நின்று போகும். ஒரு படி ஏறாமல் அந்த மாளிகைகள் அத்தனையையும் அவர் பார்த்துவிடலாம்.