ஜன்னல் மாற்ற எவ்வளவு ஆகும்? வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருச்சியில் முப்பது வருடப் பழைய வீடு. 4-க்கு 4 அடியில் ஒன்பது மர ஜன்னல்கள். யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஸ்லைடிங்குக்கு மாற்ற ஒருவர் சதுர அடிக்கு 620 ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 780. ஒரே பொருளுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரே பொருள்தானா என்று முதலில் பாருங்கள். ஒரு ஜன்னல் 16 சதுர அடி, ஒன்பதுக்கு 144. முதல் ரேட்டில் 89,280 ரூபாய், இரண்டாவதில் 1,12,320. கையில் 23,000 மிச்சமாகும் போலத்தான் தெரியும். ஆனால் முதல் கொட்டேஷனின் அடியில் 'ஜிஎஸ்டி தனி' என்று ஒரு வரி இருந்தால், 18 சதவீதம் சேர்ந்து அது 1,05,350-க்குப் போய்விடும். 780-இல் வரி சேர்ந்திருந்தால் மிச்சம் ஏழாயிரம்தான், அதுவும் கொசுவலை, பொருத்துகூலி இரண்டில் ஒன்று தனி என்றால் காணாமல் போய்விடும். அதனால் இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர், கொசுவலையோடு சேர்த்து எத்தனை டிராக் (கதவு ஓடும் தடம்), ஃபிரேமுக்குள் இரும்புச் சட்டம் உண்டா, பழைய ஜன்னலைக் கழற்றுவது யார், சுவரைப் பூசுவது யார். பதிலை வாயால் சொன்னால் போதாது, கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இரும்புச் சட்டம் வெளியே தெரியாது என்பதால் விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான், சாம்பிள் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தேக்கு ஜன்னல்களில் கரையான் இருக்கிறது என்று எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். நிலையோடு எடுத்தால் செலவு அதிகமா?

அதிகம். பலர் கணக்கில் விடுவதும் இதைத்தான். நிலை சுவருக்குள் இரும்புக் கிளாம்ப் போட்டுப் பதிந்திருக்கும், அதைப் பெயர்த்தால் சுற்றிலும் பூச்சு உடையும், கொத்தனார் வர வேண்டும், அடியில் கிரானைட் பதித்திருந்தால் அது பெரும்பாலும் பிழைக்காது, அப்புறம் பூசிய இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்பதால் அந்தச் சுவர் முழுக்க அடிக்க வேண்டியிருக்கும். ஒன்பது ஜன்னல் என்றால் கிட்டத்தட்ட வீடு முழுக்கப் பெயின்ட்.

அதனால் நிலையை எடுக்கும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் அங்கங்கே அழுத்திப் பாருங்கள். சமீபத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்கும் அடிக்கட்டையில் முனை ஒரு அங்குலம் சுலபமாக இறங்கியது, அரை அடி மேலே அதே மரம் கல் மாதிரி நின்றது. ஆசாரி கீழ்க்கட்டையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தேக்கைச் சேர்த்தார், கதவுகளை இழைத்து மறுபடி மாட்டினார். பழைய தேக்கு அப்படிக் கிடைக்காது, தயவுசெய்து அவசரப்பட்டுத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். நிலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மரத்தைக் கன அடியில் கணக்குப் போடுங்கள்: 5-க்கு 3 அங்குலக் கட்டையில் 4-க்கு 4 நிலை, நடுவில் ஒரு கட்டை என்றால் மொத்தம் 20 அடி நீளம். 20-ஐ 15-ஆல் பெருக்கி 144-ஆல் வகுத்தால் சுமார் 2.1 கன அடி. சேதாரம் கொஞ்சம் சேரும், ஆனால் மூன்றரை கன அடி என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கேள்வி: கிரில்லுக்குக் கிலோ கணக்கில் பில் போட்டிருக்கிறார்கள். 4-க்கு 4 ஜன்னலுக்கு 28 கிலோ. சரிதானா?

எந்தக் கம்பி என்று நீங்கள் எழுதவில்லை, 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி என்று எடுத்துக்கொள்கிறேன். அது அடிக்கு 344 கிராம். நாலு அங்குல இடைவெளியில் 11 கம்பி, மொத்தம் 44 அடி, அதாவது 15 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். குறுக்கே 25-க்கு 6 மில்லிமீட்டர் பட்டை மூன்று, அது ஒரு நாலேகால் கிலோ. ஆக இருபது கிலோவைத் தாண்டக் கூடாது. டிசைன் வளைவுகள் இருந்தால் கூடும், நேர்க்கம்பி என்றால் 28 வராது. பெயின்ட் அடிக்கும் முன் உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்லைடிங் போடலாமா, திறக்கும் கதவா?

ரெண்டு கதவு ஸ்லைடிங் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். ஒரே ஜன்னல் உள்ள படுக்கையறைக்கும் சமையலறைக்கும் காற்று முக்கியம், அங்கே கீல் வைத்துத் திறக்கும் கதவுதான் என் தேர்வு, விலை கூடுதலாக இருந்தாலும். பால்கனிப் பக்கம் ஸ்லைடிங் போதும்.

கேள்வி: கடற்கரைக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட். தனியாக ஏதாவது செலவு வருமா?

வரும். வெளியிலிருந்து வேலை செய்ய வேண்டியிருந்தால் சாரம் கட்டும் கூலி தனி. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு ஸ்க்ரூவும் கீலும் சீக்கிரம் துருப்பிடிக்கும், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அசோசியேஷனிடம் ஃபிரேம் நிறத்துக்கு எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள், முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று பின்னால் தகராறு வந்தால் கழற்றி மாட்டுகிற செலவு உங்கள் தலையில்தான். அளவை மட்டும் செய்து தருபவரே வந்து எடுக்கட்டும், மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் பிடித்து அதில் சிறியதை எழுதட்டும். டஃபண்ட் கண்ணாடி (சூடாக்கிப் பதப்படுத்திய உறுதியான கண்ணாடி) போடுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம், பதப்படுத்திய பிறகு அதை வெட்ட முடியாது.