இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரிடம் ஸ்டேட்டஸ் கார்டைக் கொடுக்கலாமா?

கேள்வி: வினிபெக்கில் இளையோருக்கான ஒரு ஷெல்டரில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களிடம் 17 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், கிரீ என்ற பூர்வகுடி இனம். சின்ன வயதிலேயே வடக்கே ஒரு ரிசர்விலிருந்து (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) சிஎஃப்எஸ் (குழந்தைகள் நல அமைப்பு) எடுத்துவந்து வளர்ப்பு வீடுகளில் விட்ட பிள்ளை. மூன்று மாதத்தில் 18 முடிகிறது. அரசு இழப்பீடு 40,000 டாலர் வரும், நான் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஆள் அவளிடம் சொல்லி, அவளுடைய பூர்வகுடி அடையாள அட்டையான ஸ்டேட்டஸ் கார்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். சில இரவுகளில் அவர் காரில் போய்விட்டு விடியற்காலை வருகிறாள். பணம் வந்தால் என் அக்கவுண்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று என்னிடம் கேட்கிறாள். மறுத்தால் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்று, அறையில் ஸ்மட்ஜ் (மூலிகைப் புகை போடும் சடங்கு) செய்ய விட வேண்டும் என்கிறாள், விடலாமா?

பதில்: முதலில் உங்கள் அக்கவுண்ட் விஷயம். வேண்டாம், ஒரு ராத்திரிக்குக்கூட வேண்டாம். உங்கள் மனசு நல்லதுதான், ஆனால் ஷெல்டர் ஊழியர் ஒருவரின் கணக்கில் அங்கே தங்கும் பிள்ளையின் பணம் இருந்தால் யாரும் உங்கள் மனசைப் பார்க்க மாட்டார்கள், வேலை போகும், போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். அவளிடம் நேராகச் சொல்லுங்கள்: “அது உன் பணம், என் பெயரில் இருந்தால் உன்னிடமிருந்து அதை எடுக்க என்னால் முடியும், அப்படி ஒரு ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. உன் பெயரிலேயே கணக்குத் திறக்க நான் கூட வருகிறேன்.” இப்படிச் சொன்னதற்காக முகம் திருப்பிக்கொண்ட பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. “எங்கள் பாலிசி அனுமதிக்காது” என்று சொன்னால்தான் திருப்பிக்கொள்வார்கள், ஏனென்றால் அந்த வாசகத்தை ஆறு வயதிலிருந்து கேட்டு அலுத்தவர்கள். கனடாவில் வேலை இல்லாவிட்டாலும், போடுவதற்குக் கையில் காசே இல்லாவிட்டாலும், சரியான அடையாள ஆவணம் இருந்தால் வங்கி கணக்குத் திறந்து தரவேண்டும், ஸ்டேட்டஸ் கார்டும் அப்படி ஒரு ஆவணம்தான். கவுண்டரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்கினால் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்த இழப்பீடு உண்மையானது. அந்த ஆள் இந்த விஷயத்தில் புளுகவில்லை, அதனால்தான் அவர் பேச்சு எடுபடுகிறது. ரிசர்வுகளில் குழந்தைகள் நலச் சேவைக்கு மத்திய அரசு காலங்காலமாகக் குறைவாகப் பணம் ஒதுக்கியது, வீட்டோடு வைத்து உதவ வழியில்லாமல் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போனார்கள், இது பாகுபாடு என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016-ல் சொன்னது. அதன் பிறகும் வருஷக்கணக்கில் வழக்காடி, கடைசியில் 2,334 கோடி டாலர் உடன்பாட்டை ஃபெடரல் கோர்ட் 2023 அக்டோபரில் ஏற்றது. எடுத்துவரப்பட்ட பிள்ளைகளுக்கான விண்ணப்பம் 2025 மார்ச் 10 முதல் திறந்திருக்கிறது. அடிப்படைத் தொகை 40,000 டாலர்.

இப்போது அந்த ஆள் சொல்லாமல் விட்டதைக் கவனியுங்கள். விண்ணப்பிக்கப் பணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. படிவம் நிரப்ப உதவுவதற்கென்றே கிளெய்ம்ஸ் ஹெல்ப்பர்கள் இருக்கிறார்கள், அதுவும் இலவசம். பழைய சிஎஃப்எஸ் கோப்புகளைத் தேடி எடுத்து இணைக்கவேண்டியதும் இல்லை, அரசிடம் இருக்கும் பதிவுகளை வைத்தே சரிபார்க்கிறார்கள், ஆகவே “உன் ஃபைலை எடுக்க எனக்கு ஆள் தெரியும், 500 டாலர் ஆகும்” என்பது வெறும் வியாபாரம். 18 முடியாமல் அவள் விண்ணப்பிக்கவே முடியாது, முடிந்த பிறகு மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. அப்படியிருக்க இப்போதே கார்டின் படம் எதற்கு? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மனிடோபாவில் இது புதுசும் இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்கான இழப்பீடு வந்த காலத்தில், படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டு முதியவர்களின் தொகையில் சதவீதம் பிடித்தவர்கள் கிளம்பினார்கள், அந்த ஒப்பந்தங்கள் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. இப்போது அதே தொழில் போனில் நடக்கிறது. “இப்போது 300 வாங்கிக்கொள், பணம் வந்ததும் கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று அட்வான்ஸ் கொடுப்பவர்தான் இவர்களில் மிக மோசமானவர். அவள் ஏற்கனவே ஏதாவது வாங்கியிருந்தால் திட்டாதீர்கள், எவ்வளவு, எதில் கையெழுத்து போட்டாள், எந்தக் கார்டின் படம் போனது என்று மட்டும் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லியாக வேண்டும், எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். ஸ்டேட்டஸ் கார்டு இருப்பதாலேயே எல்லாருக்கும் இந்தப் பணம் வராது. 1991 ஏப்ரல் 1-க்கும் 2022 மார்ச் 31-க்கும் இடையில் எடுத்துவரப்பட்டிருக்க வேண்டும், அந்தச் சமயத்தில் பிள்ளையின் அல்லது அவளை வளர்த்தவர்களில் ஒருவரின் வழக்கமான இருப்பிடம் ரிசர்வாக (அல்லது வடமேற்கில் உள்ள யூக்கான் பிரதேசமாக) இருந்திருக்க வேண்டும். எந்த ஊர் வளர்ப்பு வீட்டில் விட்டார்கள் என்பது கணக்கில்லை. எங்கே பிறந்தாள் என்பதும் கணக்கில்லை: வடக்கு ரிசர்வுகளில் பிரசவ வசதி இல்லாமல் தாய்மார்களை வினிபெக்குக்கோ தாம்ப்சனுக்கோ அனுப்புவார்கள், பிறப்புச் சான்றிதழில் வினிபெக் என்றுதான் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு “நீ ரிசர்வ் பிள்ளை இல்லையே” என்று சொல்லும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். ஒரே வீட்டிலும் வேறுபடலாம். அம்மா ரிசர்வில் இருந்தபோது அக்காவை எடுத்தார்கள், அப்புறம் அம்மா நகரத்துக்கு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார், அங்கே வைத்துத் தம்பியை எடுத்தார்கள் என்றால் அக்காவுக்குக் கிடைத்து தம்பிக்கு இல்லாமல் போகலாம். அம்மா வைத்தியத்துக்காக நகரத்தில் தற்காலிகமாகத் தங்கியிருந்தபோது எடுத்திருந்தால் கதை மறுபடி வேறு. ஆக “உனக்கு நிச்சயம் வரும்” என்றும் சொல்லாதீர்கள், “வராது” என்றும் சொல்லாதீர்கள். 18 ஆனதும் விண்ணப்பிக்கட்டும், தீர்மானிப்பது அவர்கள் வேலை. கையில் வராத பணத்தை நம்பி வாடகை வீட்டுக்குக் கையெழுத்து போட்ட பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது, நீங்கள் நடுவில் போகிறபோக்கில் சொன்ன கார். எனக்கு இழப்பீட்டைவிட அதுதான் பெரிய விஷயம். 17 வயதுப் பெண்ணை இரவில் ஏற்றிக்கொண்டு போய் விடியலில் இறக்கிவிடுகிற, பணம் வரப்போவதைத் தெரிந்து வைத்திருக்கிற வயதுவந்த ஆண். இவர் படிவம் நிரப்புகிறவர் மட்டும்தானா? சந்தேகம் இருந்தால் போதும், ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. மனிடோபா சட்டப்படி புகார் கொடுக்கும் கடமை உங்களுக்கு நேரடியாக இருக்கிறது, “சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்” என்பதோடு அது முடியாது. அதனால் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று அவளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: உனக்கு ஆபத்து என்று தோன்றினால் சொல்லித்தான் ஆவேன், சொல்வதற்கு முன் உன்னிடம் தெரிவிப்பேன்.

லாக் புக்கில் “மறுபடியும் ஓடிவிட்டாள்” என்று எழுதும் பழக்கம் எல்லா ஷெல்டரிலும் இருக்கிறது. அதை விடுங்கள். மணி என்ன, என்ன உடை, என்ன கார், நம்பர் பிளேட், போகும்போது சொன்ன வார்த்தை, திரும்பி வந்தபோது எப்படி இருந்தாள், இதை எழுதுங்கள். காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அது பொய், கனடாவில் அப்படி விதியே இல்லை. திரும்பி வந்ததும் முதலில் சாப்பாடு, குளியல், தூக்கம். கேள்வி மறுநாள்.

டினா ஃபோன்டெய்ன் பெயரை உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சகீங் என்ற பூர்வகுடிச் சமூகத்துப் பெண், 15 வயது, சிஎஃப்எஸ் பொறுப்பில் ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டவள், 2014 ஆகஸ்டில் ரெட் நதியில் உடலாகக் கிடைத்தாள். காணாமல் போனவளாகப் பதிவான பிறகும் போலீஸ் அவளை நேரில் பார்த்திருக்கிறார்கள், மருத்துவமனையில் பார்த்திருக்கிறார்கள், சிஎஃப்எஸ் ஊழியர் பார்த்திருக்கிறார், எல்லாரும் அடுத்தவரிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது வினிபெக் நார்த் எண்டில் டினாஸ் சேஃப் ஹேவன் என்று அவள் பெயரில் இளையோருக்கு ஒரு இடம் இருக்கிறது. உங்கள் பெண்ணை ஒருதரம் அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். உங்கள் ஷெல்டரில் இடமில்லாத ஒரு இரவு அவளுக்கு வரும்.

18 விஷயத்தில் இருக்கும் மூன்று மாதத்தை யாரும் வீணாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொறுப்பிலிருந்து வெளியேறுவதற்கென்று பக்கம் பக்கமாக “மாற்றத் திட்டம்” எழுதி ஃபைலில் வைத்திருப்பார்கள், பிள்ளையிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அவள் சிஎஃப்எஸ்ஸின் நிரந்தரப் பொறுப்பில் இருப்பவள் என்றால் 18-க்குப் பிறகும் உதவியை நீட்டிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, 18 முடிவதற்குள்ளேயே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது. அவளுடைய சோஷியல் வொர்க்கரிடம் இதை ஈமெயிலில் கேளுங்கள், போனில் கேட்டால் பதில் காற்றோடு போய்விடும், அவர் வேலை மாறிவிட்டால் கேட்டதற்கே தடயம் இருக்காது. அப்புறம் அவளுடைய சொந்த ஃபர்ஸ்ட் நேஷன் (பூர்வகுடிச் சமூகம்) அலுவலகத்துக்கு அவளே போன் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பொறுப்பிலிருந்து வெளிவரும் ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் இளையோருக்கு 26-வது பிறந்தநாள் வரை உதவ மத்திய அரசு நிதி இருக்கிறது, அது ரிசர்வில் வசிப்போரைக் கணக்கில் வைத்து வருவதால் அவளுக்குப் பொருந்துமா என்று அங்கேதான் தெரியும். இதை ஷெல்டரில் யாராவது சொல்லித்தந்தார்களா? தந்திருக்க மாட்டார்கள். பொறுப்பில் இருந்த பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு கொடுத்த படியையே இந்த மாகாண அரசு வருஷக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது, அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2022-ல் நீதிமன்றம் சொன்னது. அதற்கும் தனியாக ஒரு இழப்பீட்டு உடன்பாடு வந்தது, அதையும் அவள் விசாரிக்கட்டும், அந்த ஆளுக்கு இது தெரிவதற்குள்.

நடு ராத்திரியில் அவள் உடைந்துபோய், உங்களிடமும் பேச மறுத்தால் ஹோப் ஃபார் வெல்னெஸ் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அவள் கையில் கொடுத்துவிடுங்கள்: 1-855-242-3310. 24 மணி நேரமும் பூர்வகுடி மக்களுக்கானது, கேட்டால் கிரீ மொழியிலும் பேசுவார்கள்.

ஸ்மட்ஜ் பற்றி. சேஜ், ஸ்வீட்கிராஸ் என்ற மூலிகைகளைப் பற்றவைத்து அந்தப் புகையைக் கையால் அள்ளி உடம்பில் வழித்துக்கொள்வது. சாம்பிராணி போடுகிற வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் “எங்கள் ஊரிலும் இப்படித்தான்” என்று ஆரம்பிக்காதீர்கள், அவளுடையதை அவள் செய்யட்டும். கூப்பிட்டால் மட்டும் போய் நில்லுங்கள். அலாரம் அடிக்கும் என்பது தடுக்கக் காரணம் இல்லை, எந்த அறை, எந்த ஜன்னல், அலாரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று சூப்பர்வைசரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தீப்பெட்டி ஊழியர் அறையிலேயே இருக்கட்டும்.