காஸ்டிக் பட்ட காலுக்கு எலுமிச்சை வேண்டாம்

கேள்வி: என் கணவர் ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். நேற்று மாலை காஸ்டிக் சோடா கரைசல் தெறித்து கம்பூட்ஸுக்குள் இறங்கிவிட்டது. துடைத்துவிட்டு, உடன் இருந்தவர்கள் சொன்னபடி எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு ஷிப்ட்டை முடித்தே வந்தார். அப்போது வலியே இல்லையாம். ராத்திரிதான் எரிச்சல் எடுத்தது. கணுக்கால் தோல் வெளுத்து வழவழவென்று இருக்கிறது. வீட்டிலேயே களிம்பு போட்டால் போதுமா?

பதில்: போதாது அம்மா. இப்போதே காலைக் குழாயடியில் வைத்து நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, இன்றே தீக்காயப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், இங்க், பேஸ்ட் எதையும் தடவாதீர்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி இல்லாததுதான் இங்கே ஏமாற்றுகிறது. ஆசிட் பட்டால் பெரும்பாலும் உடனே சுள்ளென்று எரியும், ஆளும் தண்ணீரைத் தேடி ஓடுவார். காஸ்டிக் அப்படியல்ல. தோலின் கொழுப்பைச் சோப்பாக மாற்றி, சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். நீங்கள் சொல்லும் வழவழப்பு அதனால் வருவதுதான். மேலே சின்னதாகத் தெரிந்தாலும் அடியில் ஆழமாக இருக்கலாம். சிலருக்குத் தோல் ஒட்டு அறுவை சிகிச்சை வரை போகிறது.

எலுமிச்சையும் வினிகரும் காஸ்டிக்கோடு சேரும்போது சூடு கிளம்பும். அதைவிடப் பெரிய நஷ்டம், கழுவ வேண்டிய நேரம் அதில் போய்விடுவது. பட்ட அந்த நிமிடமே பூட்ஸ், சாக்ஸ், பேண்ட் எல்லாவற்றையும் கழற்றி, ஓடும் தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் காட்ட வேண்டும். கண்ணில் பட்டாலும் இதேதான், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. செதில் காஸ்டிக் ஒட்டியிருந்தால் மட்டும் முதலில் உதறிவிட்டுக் கழுவலாம்.

பேண்டை பூட்ஸுக்குள் செருகும் பழக்கத்தை அவர் விட வேண்டும். வழிகிற கரைசல் நேராக உள்ளே போய்த் தேங்கிவிடும். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும்.

விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருந்தால், வேலையில் பட்ட காயத்துக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். காயம் வேலையிடத்தில் பட்டது என்று முதல் நாள் ஓ.பி. சீட்டிலேயே டாக்டர் எழுதியிருந்தால் நல்லது. அதைக் கேட்டு வாங்குங்கள்.