லேசான துப்பாக்கிதான் பலமாக உதைக்கும், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்கு வந்து எட்டு மாதம், எச்-ஒன்-பி விசா, பத்து வயதுப் பையன். ஏப்ரலில் பிள்ளைகளுக்கென்றே ஒரு சனி ஞாயிறு வான்கோழி வேட்டை திறப்பார்களே, அதற்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் பையனைக் கூப்பிடுகிறார். சுடும்போது தோளில் அதிகம் உதைக்காத ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு குண்டுகளைச் சிதறும் துப்பாக்கி) எது, என்ன தோட்டா, எங்கே மலிவு, என்ன உடுப்பு, கறியை எப்படிச் சமைப்பது, வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது என்று ஆறு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மலிவுக் கடையை அந்தப் பெரியவரே காட்டுவார். வீட்டுச் சம்மதம் உங்கள் பாடு. உடுப்பில் ஒன்றுதான் முக்கியம்: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் காலுறையில்கூட இருக்கக் கூடாது. வான்கோழிச் சேவலின் தலை அந்த நிறங்களில்தான் இருக்கும். புதருக்குள் அந்த நிறம் அசைந்தால் எதிரே இருப்பவன் சுட்டுவிடுவான்.

துப்பாக்கிக்கு முன்னால் விசாவைப் பேசிவிடுகிறேன். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

1999 ஜனவரியில் நான் செயின்ட் லூயிசில் இறங்கியபோது என்னிடம் இருந்தது ஈரோட்டில் வாங்கிய ஒரு ஸ்வெட்டர். ஆறு பேருக்கு ஒரு வீடு, ஒரு கார், யாருக்கும் வேலை உறுதியில்லை. வேலை கிடைத்து வந்த முதல் வசந்தத்தில், கூட வேலை செய்தவர் தன் பண்ணைக்கு அழைத்துப்போய் ஒரு 12 கேஜ் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது. உள்ளே மூன்றரை அங்குல மேக்னம் தோட்டா, மருந்தும் குண்டும் அதிகம் நிறைத்தது. எங்கள் அந்தியூர்ப் பக்கம் காட்டுப்பன்றிக்கு நாட்டுத் துப்பாக்கியில் பால்ரஸ் குண்டு போட்டுச் சுடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியாததா என்று வாங்கிச் சுட்டேன். தோளில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு வட்டம், பத்து நாள் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

பச்சை அட்டை (கிரீன் கார்டு) வந்தபின் துப்பாக்கி வாங்கப் போய், கடையில் நீட்டிய படிவத்தைப் படிக்கும்போதுதான் விஷயம் புரிந்தது. குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசுக் குற்றம். அந்தத் தடை 1998 அக்டோபரில்தான் வந்திருந்தது, நான் இறங்குவதற்கு மூன்று மாதம் முன்பு. சிரித்துக்கொண்டே குற்றம் செய்திருக்கிறேன். விதிவிலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை அனுமதிச் சீட்டு கையில் இருந்தால் தடை பொருந்தாது. ஆகவே முதலில் நீங்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அனுமதி எடுங்கள். பையனும் எச்-ஃபோர்தானே, அதாவது உங்களைச் சார்ந்து வந்த விசா, அவன் பெயரிலும் ஒரு சீட்டு வேண்டும். இரண்டும் கைக்கு வரும்வரை ஒரு தோட்டாவைக்கூடத் தொடாதீர்கள். உங்கள் தாள்களை ஒருமுறை குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். நம்மவர்கள் சிலர் வந்த மூன்றாம் மாதமே சுடுதளத்தில் துப்பாக்கியைப் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆயிரம் லைக். அந்தப் படம் எங்கெங்கே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

சரி, துப்பாக்கி. பிள்ளைக்கென்று கேட்டால் கடைக்காரர் சின்னதாக, லேசாக ஒன்றை எடுத்து நீட்டுவார். இரண்டரை கிலோவுக்குள் இருக்கும், 20 கேஜ், ஒற்றைக் குழல். பையனும் எளிதாகத் தூக்குவான், நமக்கும் மனம் குளிரும். அங்கேதான் ஏமாந்துபோவோம். முன்னால் போகும் குண்டின் எடையும் வேகமும் எவ்வளவோ அவ்வளவு பின்னால் வந்தாக வேண்டும். அதைத் தாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. அது லேசானால் மிச்சமெல்லாம் பிள்ளையின் தோளுக்குத்தான். லேசான 20 கேஜில் ஒன்றேகால் அவுன்ஸ் ஈயம் நிறைத்த மூன்று அங்குலத் தோட்டாவைப் போட்டால், வயது வந்தவரின் 12 கேஜ் மாதிரியே உதைக்கும்.

நான் என் மகளுக்கு அப்படி ஒன்றைத்தான் வாங்கினேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. முதல் வெடிக்கே கண் கலங்கியது, அழவில்லை. இன்னொன்று சுடு என்றேன். முட்டாள்தனம். அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத டம்மித் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். விசையை இழுத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம், வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது, இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன, தோள் தானாகப் பின்னால் போனது. வராத உதைக்கு அந்த உடம்பு பதறியது. அந்தப் பதற்றம் போக இரண்டு வருடம் ஆயிற்று. அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

இப்போது வழி எளிது. வாயுவில் இயங்கும் 20 கேஜ் செமி ஆட்டோமேட்டிக் ஒன்று (வெடியின் வாயுவே அடுத்த தோட்டாவை ஏற்றும்), மூன்று கிலோ சுமாருக்கு இருந்தால் உதையில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். ஒரே ஒரு தோட்டாதான் போட்டுக் கொடுக்க வேண்டும். எடையைப் பற்றிக் கவலை வேண்டாம், துப்பாக்கியைத் தாங்கும் முக்கால் தாங்கியில் சாய்த்துவைத்துத்தான் சுடப்போகிறான். விலை அதிகம் என்றால் ஃபோர்-டென், அதாவது 20 கேஜைவிடவும் சின்னக் குழல். ஸ்டீவன்ஸ் 301 டர்க்கி என்று ஒற்றைக் குழல் இருக்கிறது, இதற்கென்றே இறுக்கமான சோக்கோடு வரும், குண்டுகள் சிதறாமல் நெருக்கமாகப் போகக் குழல் முனையைக் குறுக்குவது அது. அதுவும் லேசுதான், ஆனால் தோட்டா சின்னது, முக்கால் அவுன்ஸுக்குச் சற்று மேலே. சுடுமுன் பின்னாலுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் நிமிர்த்தும்போது சின்ன விரல் வழுக்கும், அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் ஃபோர்-டென்னை வான்கோழிக்கு எடுத்தால் பாவம் என்பார்கள், அடிபட்ட பறவை தப்பி ஓடிச் செத்துப்போகும். டங்ஸ்டன் குண்டு வந்து அதை மாற்றிவிட்டது. டி.எஸ்.எஸ். என்று பெட்டியில் போட்டிருக்கும். ஈயத்தின் அடர்த்தி 11 என்றால் இது 18. அதனால் கடுகு போன்ற 9-ஆம் எண் குண்டே (எண் கூடினால் குண்டு சிறிது) கழுத்தெலும்பு வரை போகும், அதிகக் குண்டும் அடங்கும். ஒரு தோட்டா பத்து டாலர் பக்கம். வயிறு எரியத்தான் செய்யும், ஆனால் வருடத்துக்கு நாலைந்துதான் செலவாகும். பழகுவதற்கு அரை அவுன்ஸ் மலிவுத் தோட்டா போதும், ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் கவசம், இரண்டும் போடுங்கள். உதை என்று பிள்ளை பயப்படுவதில் பாதி சத்தம்தான். டங்ஸ்டன் தோட்டாவை 25 கஜத்தில் காகிதத்தில் சுட்டுக் குறி சரிபார்ப்பது உங்கள் வேலை. பையன் அதை முதன்முதலில் சேவல் மேல்தான் சுட வேண்டும். அந்த நேரத்தில் உதை தெரியாது.

இன்னொன்று. 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அது தவறி 12 கேஜ் துப்பாக்கிக்குள் விழுந்தால் குழலுக்குள் போய் நின்றுகொள்ளும், பின்னாலேயே 12 கேஜ் தோட்டாவையும் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். பெரியவரின் தோட்டாவும் உங்கள் தோட்டாவும் ஒரே பையில் கிடக்கக் கூடாது.

என் மகள் பன்னிரண்டு வயதில், இதே மிசூரியில் ரோலா என்ற ஊருக்குத் தெற்கே ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்து சுட்டாள். பெட்டை மாதிரி நான்தான் கூப்பிட்டேன். இந்த ஊர்க்காரர்களே என் குரலைக் கேட்டு ஏமாந்திருக்கிறார்கள். இளஞ்சேவல் இருபத்திரண்டு தப்படியில் வந்து தலையைத் தூக்கியது. அவள் மூச்சு மேலும் கீழும் போவது குழல் முனையில் தெரிந்தது. வெடித்தபின் திரும்பி, "நான் சுட்டேனாப்பா? ஒண்ணுமே தெரியலையே" என்றாள். இருபது வருடமாக இங்கே இருந்தும் கோயிலையும் காஸ்ட்கோவையும் தவிர எதுவும் அறியாத நண்பர் ஒருவர், பிஞ்சுக் கையில் கொலைக்கருவியா என்று கேட்டார். கேட்டபோது அவர் தட்டில் கோழி பிரியாணி இருந்தது.

கறிக்கு: நெஞ்சுக்கறியை மெலிதாக அரிந்து மிளகு வறுவல். கால்கறி குக்கரில் எட்டு விசிலுக்கும் அசையாது, சூப்புக்குப் போடுங்கள்.

பையனின் முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் விசையில் படும் இடம்வரை அளந்து எழுதுங்கள். மகளின் துப்பாக்கிக்குப் போட்டிருந்த, தோளில் அணைக்கும் குட்டைக் கட்டை ஒன்று கராஜில் கிடக்கிறது. வெறும் மரக்கட்டைதான், அதற்கு அனுமதிச் சீட்டெல்லாம் வேண்டாம். நீங்கள் வாங்கும் மாடலுக்குப் பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.