இரண்டாவது கால்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 23. சேலம் அஸ்தம்பட்டி. பி.காம். முடித்து ஒரு நிதி நிறுவனத்தில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். கிடார் வாசித்துச் சொந்தமாகப் பாட்டு எழுதுகிறேன். அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித்தான் என் கடவுள். தன் வேதனையைத் தாங்க முடியாமல் 34 வயதில் உயிரை விட்ட அந்த மனிதரைப் போல இன்னொருவர் எழுதிவிட முடியாது. பட்டதெல்லாம் பாட்டாக வந்தது அவருக்கு. எனக்கோ வாழ்க்கையில் பெரிய துக்கம் எதுவும் நடக்கவில்லை. அப்பா அம்மா நன்றாக இருக்கிறார்கள். அதனால் மூன்று மாதமாக ஏற்காட்டில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். யாரோடும் அதிகம் பேசுவதில்லை. அப்படியும் பாட்டில் அந்த வலி வரவில்லை. சேலம் மாதிரி ஊரில் இந்த இசையைக் கேட்கவும் ஆள் இல்லை. என் கேள்வி இதுதான்: நான் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? தமிழ் இந்த இசையில் உட்கார மறுக்கிறது. ஒரு நல்ல மைக் வாங்க 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள தம்பி,

கடிதத்தை முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. துக்கம் வேண்டும் என்பதற்காக மாத வாடகை கொடுக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். மறுபடி படித்தபோது கொஞ்சம் பயமாக இருந்தது. வழக்கமாகக் கடிதங்களுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகும். இதற்கு அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கடிதம் வந்த காலையில் நான் அப்பாவின் பட்டறைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் கிடந்த ஒரு பொருளைக் கையில் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கடவுள். 2001 வாக்கில், பெங்களூரில் வேலை பார்த்த என் அத்தை மகன் ஒரு சிடியில் பாட்டு ஏற்றிக் கொடுத்தான். அட்டை கிடையாது. மார்க்கர் பேனாவில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. செவ்வாய்ப்பேட்டை வீட்டு மாடியில் ராத்திரி போட்டுக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார், சத்தம் போடக்கூடாது என்பது போல ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். ஒரு குரல் போலவும் இருந்தது, இரண்டு குரல் போலவும் இருந்தது. கூடப் பாடுவது யார்? தம்பியோ, நண்பரோ? வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, இரண்டும் அவரே. ஒரு தடவை பாடிப் பதிவு செய்துவிட்டு, அதைக் காதில் கேட்டபடி அதே பாட்டை அதன்மேல் இன்னொரு தடவை பாடியிருக்கிறார்.

எலியட் ஸ்மித்தைக் கேட்டிராத மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. இயற்பெயர் ஸ்டீவன் பால் ஸ்மித். 1969ல் அமெரிக்காவின் ஒமாஹாவில் பிறந்தார். டெக்சஸில் வளர்ந்தார், 14 வயதில் போர்ட்லண்டுக்குப் போனார். கல்லூரியில் தத்துவமும் அரசியலும் படித்துவிட்டு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தார். ஹீட்மைசர் என்ற இரைச்சலான ராக் குழுவில் பாடிக்கொண்டே வீட்டில் தனியாக மெல்லிய பாட்டுகளைப் பதிவு செய்தார். அவற்றில் ஒன்றிரண்டைச் சின்ன இசைத்தட்டாகப் போடுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் ஒரு சிறிய கம்பெனிக்குக் கொடுத்தார். அவர்கள் மொத்தத்தையும் அப்படியே ஆல்பமாக 1994ல் வெளியிட்டார்கள். அது பதிவான இடம் அவருடைய அன்றைய காதலியின் வீட்டுக்கு அடியில் இருந்த அறை. கருவி, கேசட்டில் ஓடும் நான்கு தட ரெக்கார்டர். உங்கள் மைக் கேள்விக்கு இதுவே பதில். 40,000 ரூபாயை அம்மாவிடம் கொடுங்கள்.

அந்த ரெக்கார்டரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். என் தலைமுறைக்குக் கேசட் என்றால் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ரெக்கார்டிங் சென்டர். நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதி, வெற்று டிடிகே கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் நான்கு நாளில் பதிந்து தருவார்கள். ஏ பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுவோம். அந்த நாடாவில் உண்மையில் நான்கு தடங்கள் உண்டு. ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு. நான்கு தட ரெக்கார்டர் இந்த நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்ளும். ஒரு தடத்தில் கிடார், அதைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் குரல், அடுத்ததில் மறுபடி குரல். அவ்வளவுதான் வித்தை. நாம் திருப்பிப் போட்டுக் கேட்ட கேசட்டில் ஒரு மனிதர் தனக்குத் தானே துணையாகப் பாடிவிட்டார்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் பாட்டு ஏதாவது ஒன்றை ஃபோனில் பதியுங்கள். காதில் மாட்டிக்கொண்டு அதன்மேல் இன்னொரு தடவை பாடுங்கள். எந்த எழுத்தில் மூச்சு வாங்கினீர்கள், எந்தச் சொல்லை இழுத்தீர்கள், எங்கே குரல் லேசாக உடைந்தது, எல்லாம் அதே இடத்தில் வரவேண்டும். கண்ணை மூடி, உருகி, மெய்மறந்து பாடினால் வராது. நான்காவது வரியில் தனித்தனியாகப் போய்விடும். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கே இது அலுப்பான வேலை. அவருக்காகத்தான் 1966ல் அபே ரோட் ஸ்டூடியோப் பொறியாளர் கென் டவுன்சென்ட், ஒரு தடவை பாடினாலே இரண்டாகக் கேட்கும்படி டேப்பில் ஒரு உபாயம் கண்டுபிடித்தார். எலியட் ஸ்மித் பீட்டில்ஸ் பைத்தியம். ஆனாலும் உபாயத்தை நம்பவில்லை, தொண்டையால் இரண்டு தடவை பாடினார். 1998ல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். வாத்தியமே கிடையாது. அடுக்கடுக்காக அவர் குரல் மட்டும், ஒரு சர்ச் கோரஸ் மாதிரி. அது அத்தனையும் தனியாக நின்று, ஒவ்வொன்றாகப் பாடியது.

நீங்கள் 'வலி' என்கிறீர்கள். நான் இந்த இரண்டாவது தடவையைச் சொல்கிறேன். முதல் தடவை வேண்டுமானால் வலியில் பாடியிருக்கட்டும். இரண்டாவது தடவை பாடியவர் வேலைக்காரர். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, தன் அழுகையில் மூச்சு எங்கே விழுந்தது என்று அளந்து பார்க்கிறவர்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டையில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அதுதான் தொழில். வியாபாரி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார், நாங்கள் கொலுசாக நிறுத்துத் திருப்பிக் கொடுப்போம். உருக்கி, கம்பி இழுத்து, வளையம் கோத்து, பற்றவைக்கும் பொடி வைத்து ஊதி, மெருகு போட்டு முடிக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். ('பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது இந்தப் பொடி என்று அப்பா சொல்வார்.) கொலுசில் கஷ்டம் முதல் காலில் இல்லை. முதல் காலை எப்படியும் செய்துவிடலாம், அதற்கு ஒப்பிட ஏதும் கிடையாது. இரண்டாவது கால்தான் தொழில். அதே நீளம், அதே எடை, அதே வளைவு, அதே சத்தம். ஜோடி சேராவிட்டால் அது வெறும் வெள்ளிதான், கூலி இல்லை.

1986ல் என் தங்கை இறந்துபோனாள். ஆறு வயது. மஞ்சள் காமாலை. அவளுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று அப்பா ஒரு கல்யாண ஜோடியில் முதல் காலை முடித்து வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் பட்டறையில் உட்கார்ந்தார். இரண்டாவது காலைச் செய்தார். இரண்டு வளையம் நீண்டுவிட்டது. உருக்கினார். அடுத்தது எடை தட்டியது. மறுபடி உருக்கினார். மூன்றாவது, தராசில் சரியாக நின்றது, நீளமும் சரி. ஆனால் இரண்டையும் தூக்கி ஆட்டிப் பார்த்தபோது ஒன்று ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் விழுந்தன. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது. வியாபாரி வந்து கேட்டபோது, "வேற பட்டறையில குடுத்துக்கோங்க. என் கை இப்ப ஆவாது," என்றார். வியாபாரி வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் நாலைந்து மாதம் அப்பா கம்பி மட்டும் இழுத்தார். எந்த மனசோடும் கம்பி இழுக்கலாம். தை பிறந்து ஒரு நாள், ஒரு ஜோடியை முடித்துத் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா வந்து பார்த்தார். இருவரும் எதுவும் பேசவில்லை.

பெட்டியில் கிடந்தது அந்த முதல் கால். வியாபாரிக்குத் தன் வெள்ளியை ஈடாக நிறுத்துக் கொடுத்துவிட்டு அதை வைத்துக்கொண்டிருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. நாற்பது வருஷக் கறுப்பு ஏறியிருக்கிறது.

துக்கம் அப்பாவுக்கு ஒரு கொலுசும் செய்து தரவில்லை. உங்கள் கடவுளுக்கும் இதுதான் நடந்தது. 2000க்குப் பிறகு போதையும் மனச்சோர்வும் முற்றிய காலத்தில் மேடையில் தன் பாட்டின் வரிகளே மறந்து பாதியில் நிறுத்தியிருக்கிறார். ஆல்பம் முடியாமலே கிடந்தது. நீங்கள் கொண்டாடுகிற அந்த வேதனை உச்சத்தில் இருந்த வருஷங்களில் ஒரு முழு ஆல்பம்கூட அவரிடமிருந்து வரவில்லை. கடைசியில் போதையை விட்டு மறுபடி வேலைக்கு உட்கார்ந்த நேரத்தில், 2003 அக்டோபர் 21ஆம் தேதி போய்விட்டார். விட்டுப்போன பதிவுகளை மற்றவர்கள் சேர்த்து முடித்து 2004ல் வெளியிட்டார்கள். 'உயிரை விட்ட' என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பிரேதப் பரிசோதனை செய்தவர்களே அது தற்கொலையா கொலையா என்று முடிவு சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாதது அஸ்தம்பட்டிக்காரருக்கு எப்படித் தெரிந்தது? ஒரு மனிதரின் கடைசி நாளை எடுத்துக்கொண்டு அதையே அவருடைய ஆல்பம் அட்டையாக ஒட்டாதீர்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, மன்னியுங்கள். கோபம் அடங்கியதும் ஒன்று கேட்கிறேன்: மூன்று மாதமாகச் சரியாகத் தூங்குகிறீர்களா? இல்லை என்றால் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள், ஒரு டாக்டரைப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள்.

அவரை நான் நினைத்துக்கொள்வது வேறு ஒரு நாளில். 1998 மார்ச் 23, ஆஸ்கர் மேடை. ஒரு படத்தில் வந்த அவர் பாட்டு பரிந்துரையில் இருந்தது. வெள்ளை கோட் சூட், கையில் கிடார், பின்னால் பெரிய வாத்தியக் குழு. ஏதோ கல்யாண வீட்டில் வழி தவறி மேடையேறியவர் போல நின்று, சுருக்கிய பாட்டை அடக்கமாகப் பாடி முடித்தார். டைட்டானிக் பாட்டைப் பாடிய செலின் டியானோடு கைகோத்துக் குனிந்து வணங்கினார். செலின் டியானோடு கைகோத்துக் குனிந்து வணங்கினார். அந்த அம்மா தன்னிடம் அன்பாக நடந்துகொண்டதைப் பிறகும் சொல்லியிருக்கிறார். ராக் ரசிகர்கள் செலின் டியானைக் கிண்டலடிப்பதை ஒரு தகுதியாக வைத்திருந்த காலம் அது.

சேலத்தில் ஆள் இல்லை என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல மாட்டேன். ஏற்காடு ரோட்டில்தானே மேலே போனீர்கள்? வழியில் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கும். 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் மிச்சம் அதுதான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். இந்த ஊரில் ஆள் இருக்கிறதா என்று அவர் யாருக்கும் கடிதம் எழுதிக் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழா ஆங்கிலமா என்றுதானே கேட்டீர்கள்? மறந்தே போனேன். தமிழ் உட்கார மறுக்கிறது என்றால் நாற்காலி சரியில்லை என்று அர்த்தம். ஆங்கில மெட்டில் தமிழைத் திணித்தால் குறிலும் நெடிலும் இடம் மாறி அழும். நீங்கள் உங்கள் அம்மாவோடு ஃபோனில் பேசுவதைப் பதிந்து கேளுங்கள், அந்த இழுப்பிலிருந்து மெட்டைத் தொடங்குங்கள். அதற்கு முதலில் அம்மாவோடு பேச வேண்டும்.

மாத முடிவில் அறையைக் காலி செய்துவிடுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு, ஒரு மணி நேரத்தில் வீடு. அதுவரை கிடாரைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். உறையில் போட்டுக் கட்டில்மேல் வையுங்கள். நவம்பர் ஈரத்தில் அங்கே உப்பு டப்பாவே தண்ணீர் விடும், கிடாரின் கழுத்து வளைந்துவிடும்.