நீலப் பம்பில் கை நடுங்குகிறது, பழுப்பை விட்டுவிடலாமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மாசியில் நெல் வெட்டத் தொடங்கினால் எனக்கு முட்டு (ஆஸ்துமா) வந்துவிடுகிறது. கிளினிக்கில் மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கும் இரண்டு பம்புகள் தந்தார்கள். நீலத்தை அடித்தால் கை நடுங்கி நெஞ்சு படபடக்கிறது. பழுப்பை அடித்துக் குரல் கம்மி, நாக்கில் வெள்ளை படிந்தது. அது ஸ்டீரொய்டு என்று அயலில் பயமுறுத்தியதால் நிறுத்திவிட்டேன். நீலம் மட்டும் போதாதா?

போதாது. நீங்கள் கைவிட்டதுதான் உங்களுக்கு அவசியமான பம்பு. நீலத்திலுள்ள சல்பியூட்டமோல் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும்; உள்ளேயுள்ள வீக்கத்தைத் தொடாது. நடுக்கமும் படபடப்பும் அந்த மருந்தின் குணம், சற்று நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் நீலத்தைத் தேடுகிறீர்கள் என்றால் முட்டு கட்டுக்குள் இல்லை.

வீக்கத்தை வற்ற வைப்பது பழுப்பிலுள்ள பெக்லோமெத்தசோன். அடித்தவுடன் சுகம் தெரியாது என்பதால்தான் பலர் அதை வீண் என்று நினைக்கிறார்கள். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமாவது செல்லும். அறுவடை வரும்வரை காத்திராமல் இப்போதே கிளினிக்கில் சொல்லித் திரும்பத் தொடங்குங்கள். ஸ்டீரொய்டுதான், ஆனால் ஓர் அடியில் இருப்பது பெரும்பாலும் 50 முதல் 250 மைக்ரோகிராம். பிரெட்னிசொலோன் என்ற சாதாரண ஸ்டீரொய்டுக் குளிசை ஒன்றில் 5,000 மைக்ரோகிராம். மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் இந்தச் சொற்பமே போதும். கூடிய அளவை வருடக்கணக்கில் பாவிப்பவர்களுக்கு எலும்பிலும் கண்ணிலும் கவனம் தேவை. கட்டுக்குள் வந்ததும் அளவைக் குறைப்பது வைத்தியரின் வேலை.

நாக்கில் படிந்தது பூஞ்சணம். அதற்குத் துளிமருந்து உண்டு, கிளினிக்கில் காட்டுங்கள். மருந்து தொண்டையில் தங்குவதால் வருவது அது. காலையும் இரவும் பல் துலக்குவதற்கு முன் பழுப்புப் பம்பை அடித்து, தொண்டை வரை கொப்பளித்துத் துப்புங்கள். பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைத்து, மருந்து தொண்டையில் தங்குவதைக் குறைக்கும் குழாய்தான் ஸ்பேசர். அது கிடைக்காவிட்டால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில், பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவுக்குத் துளையிடுங்கள். பம்பைக் குலுக்கிச் செருகி, போத்தலின் வாயை உதடுகளால் மூடி, ஓர் அடி அடித்து ஐந்தாறு தடவை ஆறுதலாக மூச்செடுங்கள். (பம்புக்குப் பதிலாக, கப்சூலிலுள்ள தூளை இழுக்கும் கருவி வைத்திருப்பவர்களுக்குப் போத்தல் உதவாது, அதை ஒரே இழுப்பில் வேகமாக இழுக்க வேண்டும். கப்சூலை விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள்!)

வயலில் முகக்கவசம் அணிந்து, உமித்தூசு பறக்காத பக்கமாக நில்லுங்கள். பிரஷருக்கு அற்றெனோலோல், புரொப்ரனோலோல் போன்ற குளிசை எடுத்தால், அவை மூச்சுக்குழாயை இறுக்கக்கூடும் என்பதால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு முட்டினால், உதடு நீலித்தால், உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை போத்தலில் நீலத்தை அரை நிமிடத்துக்கு ஓர் அடியாகப் பத்து அடி வரை எடுக்கலாம். அந்த நேரத்தில் கை நடுக்கத்தைப் பார்க்காதீர்கள்.